மீன்பிடித் தடைக்காலத்தில் தெருப் பூனைகள்: உணவும் கருத்தடையும் அயலாரின் மனக்குறையும்

உப்பளம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் வம்பாகீரப்பாளையத்துக்கும் உப்பளத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் குடியிருப்பவர்கள் ஆண்டுதோறும் காணும் ஒன்றைப் பற்றி இங்கே கலந்து பேச விரும்புகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் அந்த நாள்களில், மீன் தலையையும் குடலையும் தின்று வளர்ந்த குப்பத்துப் பூனைகள் இரை தேடி வீடுகள் நெருங்கிய தெருக்களுக்குள் வந்துவிடுகின்றன. கட்டுமரக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்ச மீனும் கரையிலேயே விற்றுப்போவதால் அவற்றுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. தொழிலுக்குப் போகாத மீனவர் குடும்பங்களே அக்காலத்தில் நிவாரணத் தொகையையும் கடனையும் நம்பி இருக்கும்போது, பூனைகளுக்கும் சேர்த்துப் பாருங்கள் என்று அவர்களிடம் கேட்பது நியாயமாகாது. எனவே எங்கள் தெருவில் நானும் எதிர்வீட்டு அக்காவும் மாலை வேளையில் அவற்றுக்கு உணவும் தண்ணீரும் வைத்து வருகிறோம்.

பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ளவர்கள் இதை எதிர்க்கிறார்கள். மாடிப்படியின் கீழே நாற்றம் எடுக்கிறது, வண்டி இருக்கைகளைப் பூனைகள் கீறிவிடுகின்றன, இரவில் கடுவன்கள் (ஆண் பூனைகள்) சண்டையிடுகின்றன, குழந்தைகள் விளையாடும் மணலில் மலம் கிடக்கிறது என்கிறார்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் எல்லாப் பூனைகளையும் சாக்கில் பிடித்துத் தொலைவில் விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் முடிவெடுக்க முனைவதை என்னால் ஏற்க முடியவில்லை. உணவு வைப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டா, எதை எப்படி வைத்தால் அயலாருக்குத் தொல்லை குறையும், இந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகாமல் இருக்க என்ன வழி என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மூன்றாம் மாடி:

அம்மா குறிப்பிடும் குடியிருப்பைப் போன்ற ஒன்றில்தான் நானும் இருக்கிறேன். என் மகள் கருவுற்றிருக்கிறாள். பேறுகாலத்துக்காக எங்களோடு தங்கியிருக்கிறாள். பூனை மலத்தால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு வரும் என்று உறவினர்கள் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோரும் அச்சத்தோடு இருக்கிறோம். எனக்குப் பூனைகள் மீது வெறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் உணவு வைக்கத் தொடங்கிய பிறகுதான் இவ்வளவு பூனைகள் சேர்ந்தன என்பதையும், சென்ற கோடையில் வந்தவை ஈன்ற குட்டிகள் இந்தக் கோடையில் தாமே ஈன்றுகொண்டிருக்கின்றன என்பதையும் நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரக்கப்பட்டு உணவு வைப்பவர்கள், அதனால் பெருகும் உயிர்களுக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிங்காரத்தோப்பு:

நான் கடலூர் முதுநகரை அடுத்த மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவன். பூனைகளை அப்புறப்படுத்த நினைப்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் வலைகளை மடித்து வைக்கும் இடங்களில் பூனைகளை யாரும் விரட்டுவதில்லை. மீன் வாடை பிடித்த வலையை எலி கடித்துவிட்டால் அதைப் பொத்தி எடுக்கப் பல நாள் கூலி போய்விடும். துறைமுகத்தை ஒட்டிய இடங்களில் எலியும் பெருச்சாளியும் எவ்வளவு இருக்கும் என்று குடியிருப்பில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பூனைகளை ஒட்டுமொத்தமாக வாரிக்கொண்டுபோய் விட்டால் எலிகள் மேலும் துணிச்சலாக நடமாடும். இடம் காலியானதும் பக்கத்துத் தெருப் பூனைகள் அங்கே வந்து சேரும். கொண்டுபோய் விடப்பட்டவையோ, அறியாத இடத்தில் அங்குள்ள பூனைகளாலும் நாய்களாலும் துரத்தப்பட்டு, திரும்பி வரும் வழியில் சாலையில் அடிபட்டுச் சாகும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

முதலில் உணவைப் பற்றி எழுதுகிறேன். நல்ல மனத்தோடு வைக்கப்படும் உணவே பல பூனைகளுக்கு நோயைத் தருவதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

பூனை முழுமையான ஊனுண்ணி. நாயைப் போலவோ நம்மைப் போலவோ சோற்றைக் கொண்டு அது வாழ முடியாது. டாரின் என்னும் சத்தைத் தேவையான அளவுக்குத் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள அதனால் இயலாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது கிடைக்க வேண்டும். நெடுநாள் அது கிடைக்காத பூனைக்கு விழித்திரை கெட்டுப் பார்வை மங்கும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். தயிர்ச்சோறும் ரொட்டியும் மட்டுமே தின்று வாழும் பூனைகள் மெலிந்துபோவது இதனால்தான். நாய்களுக்கென்று விற்கும் உலர் உணவை விலை குறைவு என்பதற்காகப் பூனைக்கு வாடிக்கையாக வைப்பதும் இதே காரணத்தால் தவறு.

பசும்பாலைப் பற்றி நம் மக்களிடையே உள்ள எண்ணம் மாற வேண்டும். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. அதனால் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. மாடிப்படியின் கீழே நாற்றம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே யாராவது பால் வைக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். பாலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வைத்தால் அந்தத் தொல்லையில் பெரும்பகுதி தானே குறைந்துவிடும்.

மீனை வேகவைத்து முள் நீக்கித்தான் வைக்க வேண்டும். கவலை, மத்தி போன்ற மீன்களைப் பச்சையாக வாடிக்கையாகக் கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதி பி1 உயிர்ச்சத்தை (வைட்டமின்) அழித்துவிடுவதால், பூனை தலை சாய்ந்து தள்ளாடும். முற்றினால் வலிப்பும் வரும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீனை மட்டுமே நெடுங்காலம் கொடுத்தால் இ உயிர்ச்சத்துக் குறைவு ஏற்பட்டுத் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அழன்று வலிக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. அது வேண்டவே வேண்டாம். கோழிக்கடையில் கேட்டு வாங்கும் கழுத்தும் தோலும் இதயமும் மலிவான நல்ல உணவு. அவற்றுள் இதயத்தில் டாரின் நிறைய உண்டு. ஈரலைச் சிறிதளவே சேர்க்க வேண்டும். நாள்தோறும் ஈரலே கொடுத்தால் ஏ உயிர்ச்சத்து மிகுந்து கழுத்தெலும்பு இறுகிவிடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் தண்ணீரில் கரைவது; ஆகவே அந்தச் சாற்றையே சிறிதளவு சோற்றில் ஊற்றிப் பிசைந்து, அதில் இறைச்சியைச் சேருங்கள். சோறு சிறுபங்காகவும் இறைச்சி பெரும்பங்காகவும் இருக்கட்டும். உப்பு, மிளகாய், புளி எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. எனவே வீட்டில் மிஞ்சிய மீன்குழம்புச் சோற்றை வைப்பது உதவியாகாது.

லாசுப்பேட்டை ஆசிரியை:

மருத்துவர் ஐயா உணவைச் சொன்னார். அதை வைக்கும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன். அயலாரின் குறைகளில் பலவும் முறையைப் பொறுத்தவையே.

காலையில் வைத்தால் காக்கைகள் இறைத்துவிடும். இரவு நெடுநேரம் வைத்திருந்தால் பெருச்சாளிகள் வரும். பொழுது சாயும் நேரத்தில், நாள்தோறும் அதே வேளையில், அதே இடத்தில் வைத்து, அரைமணி நேரத்தில் எஞ்சியதை எடுத்துவிட்டுத் தரையைக் கழுவிவிட வேண்டும். ஒரே வேளைக்குப் பழகிய பூனைகள் மற்ற நேரங்களில் வாசல்தோறும் கத்திக்கொண்டு நிற்பதில்லை. தரையில் நேராகவோ பிளாஸ்டிக் தாளிலோ கொட்டக் கூடாது. அடி கனத்த தட்டு வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க அதை விட இரண்டு மடங்கு அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே உணவுத் தட்டை வைக்கலாம். நாய்கள் மிகுந்த தெருவாக இருந்தால் மதில் மேலோ உயரமான திண்ணையிலோ வையுங்கள். தண்ணீர்ச் சட்டி மட்டும் நாள் முழுவதும் நிழலில் இருக்கட்டும். ஆனால் கொசு முட்டையிடாதபடி அன்றாடம் கவிழ்த்துத் தேய்த்து மீண்டும் நிரப்ப வேண்டும்.

மலத்துக்கு வழி, நாமே ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுப்பது. ஆள் நடமாட்டம் இல்லாத சந்தின் கடைசியில் பழைய தொட்டியொன்றில் ஆற்று மணலை நிரப்பி வைத்தால் பூனைகள் அதையே தேடிப் போகும். உணவு வைப்பவர்களே அதை நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். பிள்ளைகள் விளையாடும் மணலையும் கட்டுமானத்துக்குக் கொட்டிய மணலையும் இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பூனை மலத்தின் வழியாகக் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மணலில் பரவி வெறுங்காலில் ஏறக்கூடும் என்பதால், வாசகி அம்மா இதைத் தட்டிக்கழிக்காமல் முதல் வேலையாக எடுத்துக்கொள்வது நல்லது. செடித்தொட்டிகளின் மண்மேல் தேங்காய் மட்டையையோ காகிதப்பூக் கிளைகளையோ பரப்பிவிட்டால் பூனைகள் அங்கே தோண்டுவதில்லை.

சட்டம் படிப்பவள்:

சட்டநிலையைச் சுருக்கமாகத் தருகிறேன். 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் பெரும்பாலும் நாய்களைப் பற்றியவை. எனினும் அவற்றின் 20ஆம் விதி, உரிமையாளர் இல்லாத சமுதாய விலங்குகளுக்கு உணவளிப்பது குறித்துப் பொதுவாகவே பேசுகிறது. உணவளிக்க விரும்புவோருடன் கலந்து அதற்கான ஏற்பாட்டைச் செய்வது குடியிருப்போர் நலச்சங்கம், அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் அல்லது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று அது கூறுகிறது. உணவளிப்பவருக்கும் அதில் கடமை இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், நுழைவாயில், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து விலகிய இடமாக இருக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரத்தில் வைக்க வேண்டும். இடம் அசுத்தமாகக் கூடாது. ஆகவே மாடிப்படியின் கீழே உணவு வைப்பதற்கு அந்த விதியிலேயே இடமில்லை. உடன்பாடு ஏற்படாவிட்டால், தலைமைக் கால்நடை அலுவலர், காவல்துறைப் பிரதிநிதி, விலங்குநல அமைப்பினர், புகார் கொடுத்தவர், சங்கத்தின் பிரதிநிதி ஆகியோர் அமர்ந்து இடத்தை முடிவு செய்வதற்கு ஒரு குழு அமைக்கவும் அவ்விதிகள் வழிசெய்கின்றன.

பூனையைச் சாக்கில் கட்டி, பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய இடத்தில் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும் குற்றம். நஞ்சிட்டுக் கொல்வது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியது. சங்கக் கூட்டத்தில் இவற்றை மிரட்டலாக எடுத்துச் சொன்னால் அயலார் இறுகிவிடுவார்கள் என்பதால், முதலில் உணவு வைக்கும் இடத்தை மாற்றிவிட்டுப் பிறகு பேசுவதே நல்லது என்பது என் கருத்து.

மூன்றாம் மாடி:

மாடிப்படி பற்றிச் சட்டமே சொல்லியிருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் என் மகளைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

தங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதே சமயம் அதற்கு எல்லையும் உண்டு. அந்த நோயை உண்டாக்குவது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறை தொற்றுக்கு உள்ளான பூனை, பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரைதான் அதன் முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். அந்த முட்டைகளும் வெளியேறியவுடனே தொற்றுவதில்லை. ஒன்று முதல் ஐந்து நாள்கள் வெளியில் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். மலத்தை நாள்தோறும் அகற்ற வேண்டும் என்று ஆசிரியை அம்மா சொன்னது இந்த வகையிலும் முக்கியமானது. பூனை பக்கத்தில் வந்து போவதாலோ உடலில் உரசுவதாலோ இது பரவுவது அரிது. சரியாக வேகாத ஆட்டிறைச்சியும் கழுவாத கீரையும் மண் கிளறிய கையுமே மனிதர்களுக்கு இது வரும் பொதுவான வழிகள். ஆகவே தங்கள் மகள் தோட்ட மண்ணில் கைவைக்க வேண்டாம். கீரையை நன்றாக அலசிச் சமைக்கட்டும். மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லி, தேவையென்றால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தெருவிலிருந்து பூனைகள் அனைத்தையும் அகற்றினாலும் இந்த முன்னெச்சரிக்கைகளை விட முடியாது.

வெறிநோயை (ரேபீஸ்) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூனைக் கடியாலும் கீறலாலும் வெறிநோய் வரக்கூடும். காயத்தில் சுண்ணாம்போ மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ வைக்கக் கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் போடும் தடுப்பூசியானால் முதல் நாளுக்குப் பின் 3, 7, 28ஆம் நாள்களில் அடுத்த தவணைகள் வரும். இரத்தம் வந்த காயமென்றால் நோய் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை. பிடிக்க முயலும்போதுதான் பெரும்பாலும் கடி நேர்கிறது. உணவு வைப்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது அறிவுடைமை.

நெல்லித்தோப்பு:

உணவிடுவது தருமம், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தலைப்பில் சொல்லும் கருத்தடை என்ற பெயரில் ஓர் உயிரின் இனப்பெருக்கத்தை அறுத்து எடுப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? குட்டி போடுவதும் பால் கொடுப்பதும் பெட்டைப் பூனையின் இயல்பு. நம் முன்னோர் பூனைகளை அவற்றின் போக்கில் விட்டுவைத்தார்கள். நமக்கு வசதியில்லை என்பதற்காக அவற்றின் வயிற்றைக் கிழிப்பது என் மனத்துக்குச் சரியாகப் படவில்லை.

உப்பளம் வாசகி:

ஐயா, தாங்கள் உயிரின் மேலுள்ள பரிவால்தான் இப்படிக் கேட்கிறீர்கள். எனக்கும் அந்தப் பரிவு உண்டு. அதனாலேயே மாறான முடிவுக்கு வந்திருக்கிறேன். எங்கள் தெருவில் பிறக்கும் குட்டிகளில் எவ்வளவு வளர்ந்து பூனையாகின்றன என்பதைக் கூடவே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். கண் பீளை கட்டி ஒட்டிப்போன குட்டிகள், வண்டிச் சக்கரத்தில் நசுங்கியவை, நாய் குதறியவை, கடுவனே கொன்றுபோட்டவை என்று பெரும்பாலானவை சில மாதங்களைத் தாண்டுவதில்லை. அந்தத் துயரத்துக்குள்ளேயே அடுத்த கரு உண்டாகிவிடுகிறது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மீண்டும் சினைப்படும். விலா எலும்பு தெரியும் தாய், பெரிய குட்டிகளை விரட்டிவிட்டுப் புதிய குட்டிகளுக்கு மடி கொடுத்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்த பிறகு, அதை இயல்பு என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. முன்னோர் காலத்தில் இந்தத் தெருவில் இத்தனை வண்டிகள் ஓடவில்லை, வீட்டைச் சுற்றி இத்தனை சிமெண்ட் தரையும் இல்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

வாசகி அம்மா சொன்னதோடு, குட்டிகளை வாரிக்கொண்டு போகும் கொள்ளைநோயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூனைகளுக்கு வரும் பார்வோ நச்சுயிரி, வெள்ளணுக்களை அழித்து, வாந்தியும் கழிச்சலுமாகச் சில நாள்களில் குட்டிகளைக் கொன்றுவிடும். அது மண்ணிலும் சுவரிலும் ஓராண்டு வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. சாதாரண சோப்புக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசலுக்குச் சாகும். பூனைகள் நெருக்கமாகச் சேரச் சேர இந்நோய் ஒரு தெருவையே துடைத்துவிடும். எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதும், கருத்தடைக்குப் பிடிக்கும் அதே நாளில் வெறிநோய்க்கும் இந்நோய்க்கும் தடுப்பூசி போட்டுவிடுவதும்தான் வழி.

இனி, இந்த இழையின் தலைப்பிலேயே விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள்கள். தடைக்காலம் 61 நாள்கள். தடை தொடங்கும்போது சினைப்படும் பெட்டை, படகுகள் மீண்டும் கடலுக்குப் போகும் வாரத்தில் ஈனும். மீன் கழிவு குவியும் நாள்களில் அந்தக் குட்டிகளும் பிழைத்து, நான்கைந்து மாதத்தில் தாமே சினைப்படும் பருவத்தை எட்டிவிடும். ஆக, தடைக்காலத்தில் உணவு மட்டும் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டால், மூன்றாம் மாடி ஐயா சொல்லும் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். அதே நேரத்தில், ஆண்டு முழுவதிலும் பூனைகளைப் பிடிப்பதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. துறைமுகத்தில் வயிறு நிறையத் தின்ற பூனை கூண்டுப் பக்கம் திரும்பாது. பசித்த பூனை, நாள்தோறும் உணவு கிடைக்கும் இடத்தில் நாள்தோறும் கிடைக்கும் வேளையில் வைத்த கூண்டுக்குள் தானே நுழையும். உணவு வைப்பவர்தான் இந்த வேலைக்கு முதன்மையானவர். எந்தப் பூனை எந்நேரம் வரும், எது சினை, எது பால் கொடுக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

சிங்காரத்தோப்பு:

ஐயா, பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். எங்கள் ஊர் இளைஞர்கள் வலையைப் போட்டுப் பிடிக்கலாம் என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

மீன் வலை வேண்டாம். பூனை அதில் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகும். பிரித்தெடுக்கும்போது உங்கள் கையும் கிழியும். மிதித்தவுடன் கதவு விழும் பொறிக்கூண்டே போதும். சில நாள்கள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உணவைக் கூண்டுக்குள் வைத்துப் பழக்குங்கள். பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்திய மாலை உணவைக் குறைத்துவிடுங்கள். கூண்டின் அடியில் செய்தித்தாளை விரித்து, கடைக்கோடியில் வேகவைத்த மீனை வையுங்கள். கூண்டு வைத்த இடத்தை விட்டு அகன்று போய்விடக் கூடாது. வெயிலில் அடைபட்ட பூனை வெப்பத்தால் செத்துவிடும், நாயும் வந்து கூண்டை உருட்டும். கதவு விழுந்த உடனே கூண்டை முழுவதும் தடித்த துணியால் மூடிவிட்டால், இருட்டில் பூனை அடங்கிவிடும்.

புதுச்சேரியில் இருப்பவர்கள், குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கான நாளை முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகுதான் கூண்டை வைக்க வேண்டும். நாள் கிடைக்காமல் பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டு அலைவது அதற்குப் பெரும் வதை. மயக்க நிலையில் இருக்கும்போதே இடது காதின் நுனியைச் சிறிதளவு வெட்டிவிடச் சொல்லுங்கள். அந்த அடையாளம் தொலைவிலிருந்தே தெரியும் என்பதால், அதே பூனையை மீண்டும் பிடித்துத் துன்புறுத்த நேராது. கடுவனை மறுநாளே, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். பெட்டைக்கு வயிற்றில் தையல் இருப்பதால் மருத்துவர் சொல்லும் நாள்வரை எறும்பும் ஈயும் அண்டாத, காற்றோட்டமான அறையில் வைத்திருக்க வேண்டும். கடுவனுக்கு அறுவை முடிந்த பிறகும் சில வாரங்கள் வரை சினைப்படுத்தும் திறன் எஞ்சியிருக்கும். அதன்பிறகு சுவரெங்கும் சிறுநீர் பீய்ச்சுவதும் இரவுச் சண்டையும் வெகுவாகக் குறையும். அயலாரின் புகார்களில் பாதி இவ்விரண்டைப் பற்றியவையே.

மடி கனத்து, காம்பு சிவந்திருக்கும் பெட்டையைப் பிடித்தால், குட்டிகள் எங்கேயோ பசியோடு காத்திருக்கின்றன என்று பொருள். அதை விட்டுவிட்டு, குட்டிகள் தாமே தின்னத் தொடங்கி, பால் மறக்கும் வரை பொறுத்திருங்கள்.

லாசுப்பேட்டை ஆசிரியை:

குட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தனியாகக் கிடக்கும் குட்டிகளைக் கண்டவுடன் பிள்ளைகள் எடுத்து வந்துவிடுகிறார்கள். தாய் இரை தேடிப் பல மணி நேரம் போயிருக்கலாம். குட்டிகள் கதகதப்பாக, அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தால் தொடாமல் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். தாய் உண்மையிலேயே வரவில்லை என்றால், முதலில் செய்ய வேண்டியது குட்டியைச் சூடேற்றுவது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காமல் இறந்துவிடும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பொடியைக் கரைத்து, குட்டியைக் குப்புற இருத்தியே கொடுக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெதுவாகத் துடைத்துவிட்டால்தான் மூன்று வாரம் வரையிலான குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கும். நான்காவது வாரத்திலிருந்து மசித்த கோழியை நாக்கில் தடவிப் பழக்கலாம்.

மருந்துகளைப் பற்றியும் எச்சரிக்கிறேன். காய்ச்சலாக இருக்கிறதென்று பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாயின் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படித்தான். குடியிருப்பில் எலிமருந்து வைப்பவர்கள், அந்த எலியைத் தின்னும் பூனையும் சாகும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நெல்லித்தோப்பு:

அறுவை பற்றிய என் தயக்கம் முழுவதும் நீங்கவில்லை. ஆனால் குட்டிகள் சாகும் விதத்தைப் பற்றி அம்மா எழுதியதை மறுக்க என்னிடம் சொற்கள் இல்லை. பெட்டைகளை அறுவைக்குப் பிறகு வைத்திருக்க எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை சும்மா இருக்கிறது. உப்பளத்திலிருந்து தொலைவும் இல்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், நானே காவலிருக்கிறேன்.

மூன்றாம் மாடி:

உணவு வைப்பதை நான் இன்னும் முழு மனத்தோடு ஏற்கவில்லை. எனினும் மாடிப்படியின் கீழே வைப்பது நிற்குமானால், மணல்தொட்டியை உணவு வைப்பவர்களே நாள்தோறும் அள்ளுவார்களானால், பூனைகளுக்குக் கருத்தடை செய்யக் கோரும் விண்ணப்பத்தில் கையெழுத்திடவும், எங்கள் சங்கத்தில் மற்றவர்களிடம் பேசவும் நான் அணியமாக இருக்கிறேன். பிடித்து வெளியே விடுவது என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் எடுக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிடுகிறேன். தடைக்காலம் முடிந்ததும் உணவு வைப்பதும் நின்றுவிடும் என்றால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருக்கும்.

உப்பளம் வாசகி:

மூன்றாம் மாடி ஐயாவுக்கும் நெல்லித்தோப்பு நண்பருக்கும் மிக்க நன்றி. உணவு வைக்கும் இடத்தை இன்றே சந்தின் கோடியிலுள்ள பாழ்வீட்டு மதிலுக்கு மாற்றிவிட்டோம். தடைக்காலம் முடிந்தவுடன் நிறுத்துவது பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. படகுகள் திரும்பினாலும் அடுத்து வடகிழக்குப் பருவமழை வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, தெருவெல்லாம் வெள்ளம் நின்ற நாள்களில், மதில் மேலும் மாடி விளிம்பிலும் ஒடுங்கிக்கிடந்த பூனைகளுக்கு யாரும் எதுவும் வைக்க முடியவில்லை. மருத்துவர் ஐயாவிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு பெரிய கடுவன் கூண்டைச் சுற்றி வருகிறது, உள்ளே தலையை நீட்டுவதே இல்லை. அதை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

ஜூன் 15 அன்று திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சில நாள்களாவது ஒன்றும் தின்னாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது நோய்வாய்ப்படும். படகுகள் வந்து மீன் கழிவு பழையபடி கிடைக்கத் தொடங்கிய பிறகு, அளவை வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பெரும்பாலான பூனைகள் தாமே கரைக்குத் திரும்பிவிடும். தெருவிலேயே தங்கிவிடும் சிலவற்றுக்கு ஒருவேளை உணவைத் தொடர்வதை, அவை காது நுனி வெட்டப்பட்டவை என்றால், மூன்றாம் மாடி ஐயாவும் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். மழைக்காலத்துக்கு இப்போதே மதிலின் மேல் ஒரு தகரச் சாய்ப்பு போட்டு வையுங்கள்.

கடுவனைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைக் கடைசியாகப் பிடித்துக்கொள்ளலாம், பெட்டைகளை முதலில் முடியுங்கள். பெட்டைகள் கத்தி அழைப்பது நின்றால் அதன் அலைச்சலும் குறையும். கூண்டின் அடிக்கம்பி காலில் படுவதைத்தான் பல கடுவன்கள் வெறுக்கின்றன. மிதிப்பலகை மறையும்படி மடித்த செய்தித்தாளைப் பரப்பி, கவலை மீன் வேகவைத்த சாற்றை வாசலிலிருந்து உள்ளே வரை சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால், குச்சியில் தாங்கி நிறுத்திய பெரிய கூடைக்கூண்டை, கயிற்றை இழுத்து மேலிருந்து கவிழ்க்கும் முறை இருக்கிறது. அதற்கு இருவர் வேண்டும், ஒருவர் உடனே துணியால் மூட வேண்டும். எந்த நாளில் வைக்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள், நானும் வருகிறேன்.